செதில் சிவக்கும் காலம்

சிங்கப்பூரிலோ பினாங்கிலோ அலங்கார மீன் கடை ஒன்றில் 'சூப்பர் ரெட்' என்று எழுதி ஒட்டிய தொட்டிக்குள் முதல்முறையாக எட்டிப் பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு சாண் நீளமுள்ள அரோவானா குஞ்சு, நீரின் மேற்பரப்பை ஒட்டி மெதுவாகப் போய்த் திரும்பும். உடம்பெல்லாம் வெள்ளியும் வெளிர்ப் பச்சையும். உதட்டோரம் லேசான செம்மை, துடுப்புகளில் கொஞ்சம் ஆரஞ்சு. அவ்வளவுதான். பக்கத்துத் தொட்டியில் ஐந்து வயது மீன் ஒன்று செவுள் மூடி முதல் வால் நுனி வரை அடர் சிவப்பாகத் திரியும். இரண்டும் ஒரே வகை, ஒருவேளை ஒரே பண்ணையில் பிறந்தவையாகவும் இருக்கலாம். குஞ்சை வாங்குகிறவர் இன்னும் வராத ஒரு நிறத்துக்குப் பணம் கொடுக்கிறார். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது, ஏன் இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது, அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் குறைவு.

ஆசிய அரோவானாவின் அறிவியல் பெயர் ஸ்கிளெரோபேஜஸ் ஃபார்மோசஸ். மலாய்க்காரர்கள் கெலிசா என்பார்கள். மலேசியச் சாலைகளில் அந்தப் பெயரில் ஒரு சிறிய காரே ஓடுகிறது. சீனர்களுக்கு இது டிராகன் மீன், வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கை. நிறத்தில் முக்கியமாக நான்கு வகை. செவ்வகை மேற்குக் காலிமந்தானில், இந்தோனேசியாவின் மிக நீளமான நதியான கப்புவாஸின் படுகையைச் சேர்ந்தது. அங்கே மழைக்காலத்தில் நிரம்பி வறட்சியில் வற்றும் டானாவ் செந்தாரும் ஏரிகளின் பழுப்பு நீர்தான் அதன் தாய்வீடு. முதுகையும் தாண்டிப் பொன்னேறும் 'கிராஸ்பேக்' மலேசியாவின் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரியால் புகழ்பெற்றது. 'ரெட்டெயில் கோல்ட்' சுமத்ராவின் பெக்கான்பாரு பக்கத்து மீன். பச்சை வகை தாய்லாந்து, கம்போடியா முதல் போர்னியோ வரை பரந்து கிடக்கிறது. சென்னை கொளத்தூர்க் கடைகளில் அரோவானா என்று சாதாரணமாக விற்கப்படுவது பெரும்பாலும் இவற்றில் எதுவுமில்லை. அது தென் அமெரிக்காவின் வெள்ளி அரோவானா, தனிப் பேரினம். எத்தனை ஆண்டு வளர்த்தாலும் அது சிவக்காது, பொன்னாகவும் மாறாது. அதன் அழகு வேறு.

செதில் நிறம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் செதிலுக்கு நிறம் கிடையாது. தொட்டியின் அடியில் எப்போதாவது உதிர்ந்த செதில் ஒன்று கிடைக்கும். வளர்ந்த அரோவானாவின் செதில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. கழுவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பெரும்பகுதி நிறமற்றுத் தெளிவாக இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக வலைப்பின்னல் வரிகள் ஓடும். அந்தப் பகுதி மீனின் தோலுக்குள் செருகியிருந்தது. ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல அரோவானாவின் செதில்களும் அடுக்கியிருப்பதால், வெளியே தெரிவது பின்னோரம் மட்டுமே. அந்தப் பின்னோரத்தில் மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். மினுமினுப்பெல்லாம் அங்கேதான். நகத்தால் சுரண்டினால் நிறம் நகத்தோடு வந்துவிடும். கையில் நிறமற்ற எலும்புத் தகடு மிஞ்சும்.

ஆக, நிறம் இருப்பது செதிலை மூடிய தோலில், அங்கே குடியிருக்கும் நிறமிச் செல்களில். கருவளர்ச்சியின்போது தண்டுவடம் உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து புறப்படும் ஒரு செல்கூட்டம் உடலெங்கும் பரவுகிறது. நிறமிச் செல்கள் அதன் வழிவந்தவை. மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் அரோவானாவின் கதை பெரும்பாலும் புரிந்துவிடும். முதலாவது, மெலனின் என்ற கரும் நிறமியைச் சுமக்கும் கறுப்புச் செல். இரண்டாவது, மஞ்சள் அல்லது சிவப்பு நிறமியைச் சேர்த்துவைக்கும் செல். மூன்றாவது வகையில் நிறமியே கிடையாது. அதற்குள் குவானின் படிகங்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அதே குவானின்தான். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, குவானினுக்கு ஏறக்குறைய 1.83. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒவ்வொரு தகட்டின் பரப்பிலும் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. திரும்பும் கதிர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்களை வலுப்படுத்தும், சிலவற்றை அழித்துவிடும். எந்த நிறம் நிற்கும் என்பதைத் தகடுகளின் தடிமனும் இடைவெளியும் முடிவுசெய்கின்றன. இதை ஒளிர்செல் என்று அழைக்கலாம்.

இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்வதில்தான் விந்தை. ஒளிர்செல்லுக்கு மேலே மஞ்சள் செல் வந்தால் கண்ணுக்குப் பொன்னாகத் தெரிகிறது. ஒளிர்செல்லுக்குக் கீழே அடர்த்தியான கறுப்புச் செல் இருந்து, மேலே மஞ்சள் குறைந்தால், திரும்பி வரும் நீலம் மட்டும் தூக்கலாகத் தெரியும். வளர்ப்போர் 'புளூ பேஸ்' என்று போற்றும் நீலச்சாயல் அந்த வகையைச் சேர்ந்தது. மீனில் நீல நிறமி எதுவும் இருக்க வேண்டியதில்லை. மீன் திரும்பும்போது அந்த நீலம் ஊதாவாகவும் பச்சையாகவும் மாறி மாறித் தெரிவது அதனால்தான். கோணம் மாறினால் வலுப்படும் நிறமும் மாறுகிறது. நிறமியால் வரும் சிவப்பு அப்படி மாறாது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சிவப்பு சிவப்புதான்.

மீன் வளரும்போது செதில்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. சிறு குஞ்சில் அமைந்த அதே செதில்கள்தான் அறுபது சென்டிமீட்டர் மீனிலும் இருக்கும். ஒவ்வொன்றும் விளிம்பில் புதுப்புது வளையங்களைச் சேர்த்துப் பெரிதாகிறது. பக்கவாட்டில் இருபதுக்குச் சற்றுக் கூடுதலான செதில்கள், வயிற்றிலிருந்து முதுகு வரை ஐந்தாறு வரிசைகள். உடம்பில் இவ்வளவு பெரிய, இவ்வளவு குறைந்த செதில்கள் உள்ள மீன் என்பதால், நிறம் எங்கே எப்போது ஏறியது என்பதை வரிசை எண் சொல்லியே பேச முடிகிறது. பண்ணைக்காரர்கள் பேசுவதும் அப்படித்தான். "நாலாவது வரிசை வந்துவிட்டது, ஐந்தாவதில் விளிம்பு கட்டுகிறது" என்பார்கள். எண்ணிக்கை வயிற்றிலிருந்து மேல்நோக்கி.

பொன்வகையில் நிறம் ஏறும் ஒழுங்கு வியப்பானது. முதலில் வயிற்றை ஒட்டிய வரிசைகள் மின்னும். பிறகு மூன்றாவது, நான்காவது. ரெட்டெயில் கோல்டில் பொதுவாக நான்காவதோடு நின்றுவிடும். முதுகு கருமையாகவே இருக்கும், வாலின் மேற்பகுதியும் முதுகுத் துடுப்பும்கூட. கிராஸ்பேக்கில் பொன் ஐந்தாவதைக் கடந்து, ஆறாவதில் ஏறி, முதுகின் குறுக்கே மறுபக்கத்துப் பொன்னோடு போய்ச் சேர்ந்துவிடும். 'கிராஸ்பேக்' என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு செதிலுக்குள்ளும் இதே போன்ற ஒரு பயணம் நடக்கிறது. ஒளிர்வு விளிம்பில் சட்டம் கட்டிக்கொண்டு தொடங்கும், பிறகு நடுவை நோக்கி உள்ளே நகரும். நடுவில் எஞ்சும் நீலமோ பச்சையோ வயதாக வயதாகச் சுருங்குவதுண்டு. சில மீன்களில் பொன் முழுச்செதிலையும் மூடிவிடும்.

நிறம் ஏன் வயிற்றிலிருந்து மேலேறுகிறது? பெரும்பாலான மீன்களுக்கு முதுகு கருமை, வயிறு வெளுப்பு. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு ஆழத்து இருளோடும், கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு வானத்து வெளிச்சத்தோடும் அது கலந்துவிடும். இந்த மேல்-கீழ் வேறுபாட்டை அமைப்பதில் அகூட்டி என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு. வயிற்றுப்பக்கத் தோலில் அது அதிகம் வேலைசெய்து, கறுப்புச் செல்கள் பெருகாமல் தடுக்கிறது. ஜீப்ரா மீனில் அதே மரபணுவை உடம்பெங்கும் இயங்கவிட்டபோது இந்த மேல்-கீழ் வேறுபாடு குலைந்துபோனதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அரோவானாவின் முதுகில் பொன்னுக்குக் குறுக்கே நிற்பது இந்தக் கருமைதான். அந்த எல்லை கிராஸ்பேக்கில் மேலே தள்ளிப்போயிருக்கிறது, ரெட்டெயில் கோல்டில் நான்காவது வரிசையிலேயே நிற்கிறது என்று பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

செவ்வகையின் போக்கு வேறு. முதலில் உதடு, மீசை, துடுப்பு. பிறகு செவுள் மூடியில் திட்டுத்திட்டாகச் செம்மை படியும். அதன்பின்தான் செதில் விளிம்புகள், முதலில் ஆரஞ்சாக, பிறகு சிவப்பாக. முதலாண்டில் உடம்பில் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் சட்டெனச் சிவந்த மீன்களைப் பற்றிப் பண்ணைகளில் நிறையச் சொல்வார்கள். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். சிலவற்றுக்கு அதற்கும் மேலே. இந்த மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராவதே மூன்று நான்கு வயதில்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண் மீன் சில டஜன் முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு, குஞ்சு பொரிந்த பிறகும் வாய்க்குள்ளேயே வளர்த்து, ஒன்றிரண்டு மாதம் பெரும்பாலும் பட்டினி கிடக்கும். குறைவாகப் பெற்று, நீண்டநாள் காத்து, மெதுவாக முதிரும் இனம். அதன் நிறமும் அதே வேகத்தில்தான் வருகிறது.

தங்கமீனை இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். அதன் குஞ்சும் முதலில் பழுப்புப் பச்சைதான். சில மாதங்களில் கறுப்புச் செல்கள் மடிந்து மறைய, அடியிலிருந்த ஆரஞ்சு வெளிப்படும். அங்கே நிறம் மாறுவது ஒன்று போவதால். அரோவானாவிலோ முக்கிய வேலை கூடுவதில் நடக்கிறது: ஒளிர்செல்கள் பெருக வேண்டும், படிகங்கள் அடுக்கப்பட வேண்டும், சிவப்புச் செல்கள் நிறமியைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இளமையின் தோற்றத்தை முதிர்ந்த தோற்றமாக மாற்றும் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஜீப்ரா மீனிலிருந்து ஒரு குறிப்பு உண்டு. 2014இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், தைராய்டு சுரப்பு இல்லாமல் வளர்ந்த ஜீப்ரா மீன்களில் கறுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகின. மஞ்சள் செல்கள் கண்ணுக்குத் தெரியாமலே போயின. நிறம் என்பது தோலோடு முடிந்துவிடும் விஷயமில்லை, உடம்பு முழுதும் முதிர்வதன் ஒரு பகுதி.

சிவப்புக்குத் தேவையான பொருளில் பெரும்பங்கு வெளியிலிருந்து வர வேண்டும். மெலனினை மீன் தானே செய்துகொள்ளும், குவானினையும் அப்படியே. மஞ்சள், சிவப்பில் ஒரு பகுதியைக்கூட டெரிடின் என்ற வகை நிறமியாக உடலே தயாரிக்கும். ஆனால் கரோட்டினாய்டு என்ற நிறமிகளை எந்த மீனாலும் அடியிலிருந்து உருவாக்க முடியாது. பாசியும் தாவரமும் உருவாக்கியதைப் பூச்சியும் இறாலும் தின்ன, அவற்றை மீன் தின்ன வேண்டும். இறாலைக் கொதிக்க வைத்தால் சிவக்கிறதே, அந்தச் சிவப்புதான் அஸ்டாஸாந்தின் என்ற கரோட்டினாய்டு. உயிருள்ள இறாலின் ஓட்டில் ஒரு புரதத்தோடு பிணைந்து நீலமாகப் பதுங்கியிருப்பது, சூட்டில் புரதம் குலைந்ததும் வெளிப்படுகிறது. பண்ணைச் சால்மனின் தசைக்கு நிறமூட்டத் தீவனத்தில் கலப்பதும் இதுவே.

அதற்காக, இறாலை அள்ளிக் கொட்டினால் எந்த அரோவானாவும் சிவந்துவிடாது. கரோட்டினாய்டு குடலில் கொழுப்போடு உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் ஏறி, தோலுக்குப் போய், அதைச் சேர்த்துவைக்கும் செல்லுக்குள் நுழைய வேண்டும். அந்தச் செல் எத்தனை, எங்கே, எவ்வளவு கொள்ளும் என்பது மரபில் எழுதப்பட்டது. பச்சை அரோவானா வாழ்நாளெல்லாம் இறால் தின்றாலும் பச்சைதான். செவ்வகைக்கோ தீவனம் சரியில்லை என்றால் வர வேண்டிய சிவப்பு மங்கலாக வரும். உணவு, இருக்கும் இடத்தை நிரப்பும். இல்லாத இடத்தை உண்டாக்காது. பொன்வகைக்குக் கரோட்டினாய்டு தீவனத்தால் கிடைக்கும் பலன் இன்னும் குறைவு, ஏனென்றால் அதன் ஒளிர்வில் பெரும்பகுதி படிகத்தின் வேலை.

அந்த மரபின் வேறுபாட்டைப் பற்றி அறிஞர்களிடையே வாதம் நடந்திருக்கிறது. 2003இல் ஓர் ஆய்வுக்குழு இந்த நிற வகைகளைத் தனித்தனி இனங்களாகவே பிரித்துப் பெயரிட்டது. பிற வகைப்பாட்டியலர்கள் அதை ஏற்கவில்லை, இன்றும் ஒரே இனமாகவே கொள்கிறார்கள். 2016இல் சீன ஆய்வாளர்கள் பொன், சிவப்பு, பச்சை மூன்றின் மரபணுத்தொகுதியையும், ஒவ்வொன்றிலும் சுமார் 75 கோடி எழுத்துகளை, வாசித்து வெளியிட்டார்கள். அரோவானாக் குடும்பத்துக்குச் செதிலில் கோலமிடுவது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவில் வாழும் உறவினர்களின் செதில்களில் செம்புள்ளிகள் இருக்கும். மியான்மரின் தனிந்தாயிப் பகுதியிலிருந்து 2012இல் டைசன் ராபர்ட்ஸ் விவரித்த இனத்தில் ஒவ்வொரு செதிலிலும் வளைந்து நெளிந்த கோடுகள். ஒரு மீனின் கோலம் இன்னொன்றில் வராது. ஆஸ்திரேலியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் நடுவே உப்புக்கடல் கிடக்க, நன்னீர் மீன் இரு பக்கமும் எப்படி வந்தது? இந்தியத் துணைக்கண்டம் கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதியபோது, ஆசிய அரோவானாவின் முன்னோரையும் சுமந்து வந்திருக்கலாம் என்று ஜப்பானியர்களான குமஸாவாவும் நிஷிடாவும் 2000இல் முன்வைத்தார்கள். இந்தியாவில் இன்று இந்த மீன் இயற்கையாக இல்லை. ஆனாலும் நம் கால்கீழ் நிலம் அதற்குப் படகாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

காட்டு மீன் அருகிவிட்டது. 1975 முதல் ஆசிய அரோவானா, அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவுபெற்ற பண்ணையில் பிறந்த மீன்களுக்கு மட்டுமே நாடுகளுக்கிடையே வணிகம். ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு சிறு மின்சில்லு, கையில் ஒரு சான்றிதழ். இந்தியாவிலும் 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களை வைத்திருப்பவர் பதிவுசெய்தாக வேண்டும். விலை அதிகம், நிறம் வரத் தாமதம். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் குறுக்குவழிகள் முளைக்கின்றன.

குறுக்குவழிகளைப் புரிந்துகொள்ள, நிறம் இரண்டு வேகங்களில் மாறும் என்பது தெரிய வேண்டும். கறுப்புச் செல்லுக்குள் மெலனின் மணிகள் இடம்பெயரக்கூடியவை. செல் முழுதும் பரவினால் தோல் கருக்கும், நடுவில் குவிந்தால் வெளுக்கும். மீன் செதில் ஒன்றை உப்புநீரில் இட்டு நுண்நோக்கியில் வைத்து ஒரு சொட்டு அட்ரினலின் விட்டால், பரவிக் கிடந்த கறுப்பு நிமிடங்களில் புள்ளிகளாகச் சுருங்குவதைக் கண்ணாலேயே காணலாம். மிரண்ட மீன் வெளுப்பது இதனால். இடம் மாற்றியதும், விளக்கணைத்த இரவிலும் அரோவானா மங்கிப்போவதும் இந்த வேகமான மாற்றமே. மற்றது மெதுவானது. வெண்தொட்டியில் வாரக்கணக்கில் இருந்தால் கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே குறையும், கருந்தொட்டியில் கூடும். தேனீக்களின் நடனத்தால் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ் தொடக்க காலத்தில் ஆராய்ந்தது மீன்களின் இந்த நிறமாற்றத்தைத்தான். கண்ணில்லாத மின்னோ மீனின் நெற்றியில் ஒளி விழுந்தால்கூட அதன் தோல் நிறம் மாறுவதை 1911இல் அவர் காட்டினார். மீன் தன்மேல் விழும் ஒளியையும் தன்னைச் சுற்றியுள்ள நிறத்தையும் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது.

கிராஸ்பேக்கை வெண்தொட்டியில் வளர்ப்பது இதன் பயன்பாடு. முதுகின் கருமை இளகுவதால் பொன் தெளிவாகத் தெரியும். பொன் கூடியதாக அர்த்தமில்லை, திரை விலகியிருக்கிறது. அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து கரும்பின்னணியில் விட்டால் சில வாரங்களில் கறுத்துப்போகும். வாங்கியவர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். செவ்வகைக்கு நாள்தோறும் பல மணிநேரம் வலுவான குழல் விளக்கு போட்டு நிறத்தை ஆழப்படுத்துவதை 'டேனிங்' என்கிறார்கள். வெயில் தோலைக் கருக்க வைப்பது மீனுக்கும் பொருந்தும்; ஜப்பானில் ஆழமில்லாத கூண்டுகளில் வளரும் செந்நிற மடாய் மீன்கள் வெயிலில் கருத்துவிடுவதால் பண்ணைக்காரர்கள் நிழல்வலை கட்டுகிறார்கள். விளக்கால் ஆழும் சிவப்பில் எவ்வளவு சிவப்பு நிறமி, எவ்வளவு கருமை என்று பிரித்துப் பார்க்காமல் மயங்கக் கூடாது. மரபில் சிவப்பு உள்ள மீனுக்கு மிதமான, ஒழுங்கான பகல் வெளிச்சம் நல்லதுதான். ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல், இரவிலும் ஓயாத விளக்கின் கீழ் ஒரு குஞ்சை வைத்திருப்பது வதை. அதைத் திறமை என்று மெச்சுவதை நான் ஏற்கமாட்டேன்.

இளஞ்சிவப்பு விளக்கின் கீழ் எந்த மீனும் சிவக்கும் என்பதால், கடைக்காரரிடம் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை. குஞ்சில் பார்க்க வேண்டியது நிறத்தின் பிரகாசமல்ல, அது இருக்கும் இடம். பொன்வகையில் எந்த வரிசை வரை விளிம்பு கட்டியிருக்கிறது, ஐந்தாவதில் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, செவுள் மூடியில் ஒளிர்வு உண்டா என்று பார்க்க வேண்டும். செவ்வகையில் உதடும் துடுப்பும் சொல்வதைக் கேட்கலாம். ஆனால் வயதுக்கு மீறி உடம்பெல்லாம் சிவந்த சின்னக் குஞ்சைக் கண்டால், ஆண்மைச் சுரப்பு கலந்த தீவனம் அலங்கார மீன் வணிகத்தில் நிறத்துக்காகப் பயன்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீவனம் நின்றால் அந்த நிறமும் இறங்கும், மீனின் உடல்நலத்துக்கும் கேடு.

வீட்டில் வளர்ப்பவர்கள் நாள்தோறும் தொட்டி முன் நின்று நிறம் வந்ததா என்று தேடினால் எதுவும் தெரியாது. மாற்றம் அவ்வளவு மெதுவானது. மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று, ஒரே விளக்கில், ஃபிளாஷ் போடாமல், மீன் அமைதியாக இருக்கும் நடுப்பகலில் ஒரு பக்கத்தைப் படமெடுங்கள். பின்னணியை மாற்றினால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் பக்கக்கோட்டில் ஏதாவது ஒரு செதிலைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் படங்களிலும் அதே செதிலைத் தேடிப் பாருங்கள். செதில்கள் கூடுவதுமில்லை, இடம் மாறுவதுமில்லை என்பதால் ஆறு மாதம் கழித்தும் அதே செதில் அங்கேயே இருக்கும். அதன் விளிம்பின் அகலத்தை நடுவோடு ஒப்பிட்டால், நிறம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.